தொட்ட தூக்கை விட மனசு வராது

மூடி போட்ட மூன்று தூக்குவாளியில் ஒன்றை நீங்கள் தொட்டுவிட்டீர்கள், எதிரே நிற்கிறவள் சிரித்துக்கொண்டே "வேணும்னா மாத்திக்கிறீங்களா?" என்று கேட்கிறாள், மாற்றுவீர்களா? மாட்டீர்கள். பரிசுக் கவுன்டரில் நிற்பது என்றால், வருகிறவர்கள் எல்லாரும் நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சந்தேகப்படுகிற வேலை. மிட்டாய் கொடுத்தால்கூட பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்கள். கவுன்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

நான் இருப்பது விழுப்புரத்தில் ஒரு பாத்திரக் கடை. மிக்சி, கிரைண்டர், தையல் மிஷினும் உண்டு. திண்டிவனத்தில் ஒரு கிளை. ஆடித் தள்ளுபடியில் தொடங்கிப் பொங்கல் வரைக்கும் பரிசு விளையாட்டு நடக்கும். மூடி போட்ட மூன்று எவர்சில்வர் தூக்கு. ஒன்றில் மஞ்சள் கிழங்கு, மற்ற இரண்டிலும் ஒவ்வொரு மல்லாட்டை, வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். உருளுகிற சத்தம் கேட்கக் கூடாது என்று உள்ளே துணி போட்டிருக்கும். மறைப்புக்குப் பின்னால் வைத்து எடுத்து வருகிறவள் நான்தான், அதனால் எதில் எது என்று எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் ஒன்றைத் தொடுவார். மற்ற இரண்டில் மல்லாட்டை இருக்கிற ஒன்றை நான் திறந்து காட்டுவேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் திறக்க வேண்டும், திறந்தால் மல்லாட்டைதான் தெரிய வேண்டும். அது மேனேஜர் போட்ட சட்டம். பிறகு அந்தக் கேள்வி. மஞ்சள் வந்தால் ஹாட் பாக்ஸ். மல்லாட்டை வந்தால் உரித்துத் தின்றுகொண்டே பஸ் ஏறலாம்.

சீசன் முடிகிற அன்று ஊழியர்களுக்கும் ஒரு ஆட்டம் உண்டு. அதற்குப் பரிசு மோட்டார் வைத்த தையல் மிஷின். என் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். காலையில் நான் செருப்பை மாட்டினால் என் பாப்பா வந்து ஒரு செருப்பை எடுத்து ஒளித்து வைத்துவிடுவாள். ஒற்றைச் செருப்போடு அம்மா எப்படிப் போவாள் என்பது அவள் கணக்கு. எனக்கு ஜாக்கெட் தைக்கத் தெரியும். மிஷின் ஒன்று வீட்டுக்கு வந்தால் ஊரிலேயே தைத்துக்கொண்டு அவளோடு இருந்துவிடலாம். அந்த சீசன் முழுக்க இதை நினைத்துக்கொண்டுதான் மூடிகளைத் திறந்தேன்.

லட்சுமி

கோலியனூரிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். பெண் கல்யாணத்துக்குச் சாமான் எடுத்த கை, இன்னும் பேரம் பேசின சூடு ஆறவில்லை. அந்த அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்து, கண்ணை மூடி, நடுத் தூக்கைத் தொட்டார். நான் ஓரத்துத் தூக்கைத் திறந்து மல்லாட்டையைக் காட்டி, மாற்றிக்கொள்கிறீர்களா என்றேன். அந்த ஐயா லேசாக, "மாத்தித்தான் பாரேன்" என்றார். அவ்வளவுதான். தன்னைப் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து அவர் மாற்றச் சொன்ன எல்லாவற்றையும் அந்த அம்மா அங்கேயே நின்று சொல்லத் தொடங்கிவிட்டார். தொட்ட பொருளைக் கீழே வைக்கிற பழக்கம் தன் பிறந்த வீட்டிலேயே கிடையாதாம்.

நடுத் தூக்கைத் திறந்தேன். மல்லாட்டை. ஐயா, பாவம், சாமான் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அந்த அம்மா மல்லாட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு என்னிடம் சொன்னார்: "லட்சுமி சின்னதா வந்தா வேணாம்னு சொல்லலாமாம்மா?"

எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது

அமாவாசைக்கு மறுநாள் மேல்மலையனூர் போய்த் திரும்புகிற கூட்டம் கடைக்குள் நுழையும். நெற்றி நிறையக் குங்குமம், கையில் எலுமிச்சம்பழம். அப்படி வந்த ஒருவர் குக்கர் வாங்கிவிட்டு நேராக என் முன்னால் வந்து, யோசிக்காமல் மூன்றாவது தூக்கைத் தொட்டார். ராத்திரி கனவில் அங்காளம்மன் மூன்று விரலைக் காட்டினாளாம். மாத்திக்கிறீங்களா என்று நான் கேட்டதே சாமி குத்தம் என்கிற மாதிரி பார்த்தார். திறந்தால் மல்லாட்டை. மஞ்சள் முதல் தூக்கில் இருந்தது.

எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது. அவருக்குக் கொஞ்சமும் இல்லை. மூன்றையும் ஒரு பார்வை பார்த்து, தன் பக்கத்திலிருந்தும் என் பக்கத்திலிருந்தும் விரலால் எண்ணி, தலையில் அடித்துக்கொண்டார்: "அவ சரியாத்தான் காட்டினா, நான்தான் ஜல்தில இந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணிட்டேன்."

இன்ஜினியரிங் படிக்கிற பெண்

ஒரு அப்பாவும் மகளும். மகள் பாண்டிச்சேரிப் பக்கம் ஏதோ கல்லூரியில் படிக்கிறாள். அப்பா ஒன்றைத் தொட்டார், நான் ஒன்றைத் திறந்தேன். உடனே அந்தப் பெண், "அப்பா, மாத்துங்க. இது எங்க கிளாஸ்லயே நடத்தினாங்க. மாத்தினா மூணுல ரெண்டு பங்கு விழும், மாத்தலன்னா ஒரு பங்குதான்" என்றாள். எனக்கே சிரிப்பு வந்தது. மிச்சம் இருப்பது இரண்டு தூக்கு, இதிலேயோ அதிலேயோ, பூவா தலையா போடுகிற மாதிரிதானே, இதில் ரெண்டு பங்கு எங்கிருந்து வரும்? வரிசையில் நின்றவர்களும் அதைத்தான் சொன்னார்கள். "பாப்பா, மிச்சம் ரெண்டுதாம்மா இருக்குது. காலேஜ்ல எண்ணக் கத்துத் தரலியா?" என்றார் ஒருவர். அந்தப் பெண் காது சிவக்க நின்றாள்.

அப்பா மாற்றவில்லை. மஞ்சள் அவர் தூக்கிலேயே இருந்தது. கூட்டம் கை தட்டியது. அவர் ஹாட் பாக்ஸைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிவிட்டு பில் கவுன்டர் பக்கம் போனார். மகள் மட்டும் என்னருகில் நின்று மெல்லச் சொன்னாள்: "இனிமே எங்க வீட்ல நான் எது சொன்னாலும் இந்த ஹாட் பாக்ஸைக் கொண்டாந்து நடுவுல வெப்பாருக்கா."

என் கைக்கு வழி இருந்ததா

அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் முகத்தில் பொய் இல்லை. அப்புறம்தான் நான் என் கையைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

சில ஆட்டத்தில், எந்த மூடியைத் திறக்கலாம் என்று என் கை கொஞ்சம் தயங்கும். வாடிக்கையாளர் மஞ்சள் இருக்கிற தூக்கையே தொட்டிருந்தால்தான் அப்படி. மற்ற இரண்டிலும் மல்லாட்டை, எதைத் திறந்தாலும் சரி. ஆனால் அவர் மல்லாட்டையைத் தொட்டுவிட்டால் எனக்கு வேறு வழியே கிடையாது. மற்ற இரண்டில் ஒன்று மஞ்சள், அதைத் திறக்கக் கூடாது; இருக்கிற இன்னொரு மல்லாட்டையைத்தான் திறந்தாக வேண்டும். அப்போது நான் திறக்காமல் விடுகிற தூக்கில் நிச்சயமாக மஞ்சள் இருக்கும். மூன்றில் இரண்டில் மல்லாட்டை என்றால், மூன்றில் இரண்டு பங்கு பேர் முதலில் மல்லாட்டையைத்தானே தொடுவார்கள்? அப்படியென்றால் மூன்றில் இரண்டு பங்கு தடவை, நான் விட்டுவைத்த தூக்கில்தான் பரிசு.  இத்தனை நாள் தினமும் செய்த வேலை, என் கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

என்னோடு அதே கவுன்டரில் நிற்கிற அமலி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டுதானடி மிச்சம், பாதிக்குப் பாதி" என்றாள். நான் டிபன் பாக்ஸ் அலமாரியைக் காட்டினேன். "அது முழுக்க டிபன் பாக்ஸ். ஒண்ணுலதான் மஞ்சள், மத்ததுல எல்லாம் மல்லாட்டைன்னு வெச்சுக்க. நீ ஒண்ணைத் தொடுற. எனக்கு எதுல இருக்குதுன்னு தெரியும். நீ தொட்டதையும் மூலையில ஒண்ணையும் விட்டுட்டு அலமாரி முழுக்கத் திறந்து மல்லாட்டை மல்லாட்டைன்னு காட்டுறேன். இப்ப சொல்லு, நீ குருட்டாம்போக்குல தொட்டது மேலயா, நான் பார்த்துப் பார்த்து விட்டுவெச்ச மூலை டப்பா மேலயா, எது மேல உனக்கு ஆசை வரும்?" அமலி அலமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் மூன்று தூக்கையும் பார்த்தாள். "அப்ப இத்தினி நாளா நீ சும்மா மூடி தொறக்கல. எங்க இருக்குதுன்னு சொல்லிக்கினே இருந்திருக்க, ஒருத்தரும் காதுல வாங்கல."

திண்டிவனத்தில் ஒருத்தி கேட்டாள்

திண்டிவனம் கிளையில் ஆள் குறைந்ததென்று என்னைக் கொஞ்ச நாள் அங்கே அனுப்பினார்கள். வீட்டுக்குப் பக்கம், மதியச் சாப்பாட்டுக்கு அத்தை, அதாவது என் மாமியார், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார், எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் வாடிக்கையாளர்களிடம் வெளிப்படையாகவே சொல்ல ஆரம்பித்தேன்: "மாத்தினா விழறதுக்கு வழி அதிகங்க." ஆனால் அவர்கள் முகம் உடனே சுருங்கிவிடும். மாற்றச் சொல்கிறாள் என்றால் நாம் தொட்டதில்தான் இருக்கிறது, கடைக்காரன் சொல்லிக்கொடுத்து நிற்கிறாள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நான் சொல்லச் சொல்ல, தொட்ட தூக்கை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார்கள். சொல்லாமல் இருந்தபோதாவது ஒன்றிரண்டு பேர் மாற்றினார்கள்.

ஒரே ஒருத்தி கேட்டாள். என் வயசுதான் இருக்கும், இடுப்பில் குழந்தை. நான் விளக்கியதை முழுசாகக் கேட்டு, தலையாட்டி, மாற்றினாள். மஞ்சள். அப்பாடா, ஒருத்திக்காவது புரிந்ததே என்று எனக்குக் கண்ணே கலங்கியது. அவள் ஹாட் பாக்ஸை வாங்கிக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்து, என் காதோரம் குனிந்தாள்: "நீ கண்ணால காட்டிக் குடுத்ததை யாருகிட்டயும் சொல்ல மாட்டேங்க்கா, என் புள்ள மேல சத்தியம்."

மேனேஜர் அண்ணன்

விழுப்புரம் திரும்பியதும் மேனேஜரிடம் போனேன். "அண்ணே, மாத்தினா நிறைய பேருக்கு விழும்ணே. ஒரு போர்டு எழுதி வெச்சுடலாமா?" அவருக்குக் கோபம் வரவில்லை. டீயை எனக்கும் ஒரு கிளாஸில் ஊற்றினார். போர்டு வைத்தால், மாற்றித் தோற்கிறவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்று கேட்டார். தானே தொட்டுத் தோற்றவன் தலைவிதி என்று போவான்; நம் பேச்சைக் கேட்டு மாற்றித் தோற்றவன் கடை வாசலில் உட்கார்ந்து கத்துவான். அவர் சொன்னது உண்மை. ஹாட் பாக்ஸ் குறைவாகப் போவது அவருக்குப் பிடிக்காமல் இல்லை என்பதும் உண்மைதான். கடைசியில் சொன்னார்: "சனங்க சந்தோஷமா தோத்துக்கினு போறாங்க, நீ ஏம்மா அவங்கள பேஜாரு பண்ற?"

எங்கள் முறை

ஊழியர் ஆட்டத்துக்குக் கவுன்டருக்கு ஒருவர்தான். எங்கள் கவுன்டரில் நானும் அமலியும். சீட்டு குலுக்கலாம் என்றேன். அமலிக்கும் அந்த மிஷின் மேல் கண் உண்டு, அவள் தங்கை தையல் கிளாஸ் முடித்துவிட்டுச் சும்மா இருந்தாள். ஆனால் அவள், "நீ ஆடு. செருப்பு ஒளிச்சு வெக்கிற புள்ளைக்கு யாரு பதில் சொல்றது?" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டாள். மாற்றுவதா வேண்டாமா என்று வீட்டில் ஏற்கனவே பேச்சு நடந்து முடிந்திருந்தது. என் வீட்டுக்காரர் நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறவர். சொல்லிப் புரியவைக்க முடியாமல் அவர் எதிரில் மூன்று டம்ளரைக் கவிழ்த்து வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுக்க ஆடிக் காட்டினேன். மாற்றாமல் ஆடிப் பார்த்தார், மாற்றி ஆடிப் பார்த்தார், கடைசியில் "அட ஆமா, மாத்தினாத்தான் நிறைய விழுது" என்று தானே சொன்னார். அத்தை மட்டும் அடுப்படியிலிருந்து, "டம்ளருக்கு இன்னா தெரியும்? சாமான்னா தொட்டதை விடாத" என்றார்.

ஆட்டம் நடந்த அன்றைக்கு மேனேஜர்தான் தூக்கு வைத்தார். நான் ஓரத்தைத் தொட்டேன். அவர் நடுவைத் திறந்தார், மல்லாட்டை. "மாத்திக்கிறியாம்மா?" என்றார். தினமும் நான் கேட்கிற கேள்வி, என்னிடம் ஒருவர் கேட்டபோதுதான் தெரிந்தது அது எவ்வளவு கஷ்டம் என்று. விரல் அந்தத் தூக்கில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. கோலியனூர் அம்மாவைக்கூட நினைத்துக்கொண்டேன். பின்னால் எல்லாரும் "விடாத, விடாத" என்றார்கள். நான் விட்டேன். "மாத்திக்கிறேண்ணே."

மறுபக்கத்துத் தூக்கைத் திறந்தார். மல்லாட்டை. நான் முதலில் தொட்டதைத் திறந்தார். மஞ்சள்.

மூன்றில் இரண்டு பங்கு என்றால், மூன்றில் ஒரு பங்கும் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். எல்லாரையும் விட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த மஞ்சள் கிழங்கைப் பார்த்தபோது, கணக்குத் தெரியாமலே இருந்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. மாற்றாமல் தோற்றிருந்தால் கிடைக்காமல் போனது என்று ஆகியிருக்கும். இப்போது கையில் வந்ததை நானே கீழே வைத்தது என்று ஆகிவிட்டது. மிஷின் அடுத்து ஆடிய மிக்சி கவுன்டர் அண்ணனுக்கு விழுந்தது. அவர் மாற்றவில்லை. அமலி என் தோளில் கை போட்டுக்கொண்டு வெளியே கூட்டி வந்தாள். குத்திக்காட்டுகிற குரல் அவளுக்குக் கிடையாது, யோசித்து யோசித்துத்தான் சொன்னாள்: "நீ செஞ்சதுதான் சரி. ஆனா நான் ஆடியிருந்தா விட்டிருக்க மாட்டேன்டி, நமக்கு மிஷின் வந்திருக்கும்."

வீட்டில்

பஸ் விக்கிரவாண்டி தாண்டுகிற வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனால் பாப்பா வாசலிலேயே "மிசின் எங்க?" என்றாள். அவளிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் வேலை முடித்து வந்து, உடம்பெல்லாம் நெல் சுணை, குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அத்தை கேப்பைக் களியைத் தட்டில் வைத்துக்கொண்டே, "கையில கெடந்ததை விட்டுட்டு வந்து நிக்கிறியே. சரி, உக்காரு, ஆறிப்போவுது" என்றார். அதில் வன்மம் இல்லை. என் பிள்ளையை நாள் பூரா பார்த்துக்கொள்கிற கை அது. இன்னும் எத்தனை வருஷம் பார்க்க வேண்டுமோ என்கிற அலுப்புதான்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுக்க ஆடி, ஆமா என்று சொன்ன மனுஷன், களியைக் குழம்பில் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். அம்மாவுக்கும் பதில் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. மிஷின் போனதைவிட அந்த மௌனம்தான் எனக்கு வலித்தது. மறுநாள் காலையில் அத்தை தண்ணீருக்குப் போன நேரம் கேட்டேன், ஏன் பேசவில்லை என்று. "தோத்துட்டு வந்து நிக்கிறப்ப இன்னாத்தைச் சொல்றது?" என்றார். ஜெயித்திருந்தால் சொல்ல வேண்டிய தேவையே இருந்திருக்காது என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பாப்பா ஒரு செருப்போடு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள்.

சரியாக நடந்துகொண்டவர்களுக்குத் தோற்கிறபோதுதான் சாட்சி வேண்டியிருக்கிறது, பாழாய்ப்போன சாட்சிகளுக்கோ அப்போது பார்த்துத்தான் வாயில் களி இருக்கிறது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசல்படி வரை போய்த் திரும்பி வந்து அவரிடம் சொன்னேன்: "நான் தப்பு பண்ணலன்னு அத்தைகிட்ட நீங்க ஒரு வாட்டி சொல்லுங்க; நான் சொன்னாலும் கேக்க மாட்டாங்க, நீங்க சொன்னாலும் கேக்க மாட்டாங்க, ஆனாலும் நான் வீட்ல இருக்கிறப்ப, எனக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க."